வண்டிக்கு முட்டுக் கொடுத்த கல்

ஆடி 2. வெள்ளி.

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. அரிசி ஊறப் போட்டேன், ஆட்டவில்லை.

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாப்பு எழுத்து போதும் இதற்கு.

வண்டி, அந்தச் செங்கல் லாரி, இன்றைக்கும் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக். அவ்வளவுதான். மகேஷ் இறங்கி வந்தான். முன் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் உதைத்துத் தள்ளினான். வண்டி உருள ஆரம்பித்ததும் ஓடிப்போய்ப் படியில் தொற்றி ஏறினான். தெருமேட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் சத்தமே இல்லாமல் உருண்டது. அப்புறம் கியரில் விட்டான். ஒரு குலுக்கு. புகை. கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக எனக்குக் கையை ஆட்டுகிறான், என் வயிற்றில் பிறந்தவன்.

இப்படி ஏறும்போதுதான் இவன் அப்பா போனார். ஆனி மாசம், ஐந்தருவி ரோட்டுச் சரிவு. செங்கல் இறக்கியாச்சு. இறக்குகிற ஆட்கள் போயாச்சு. வண்டி எடுக்கவில்லை. கல்லைத் தட்ட ஆள் இல்லை. அவரே தட்டினார். அவரே ஓடினார். படி சாரலில் நனைந்து கிடந்தது. கால் வழுக்கியது. பின் டயர்.

எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. மகேஷ் குளிக்கப் போனான். உலக்கையை எடுத்துக்கொண்டு போய் ஹெட்லைட்டில் ஒரு போடு. கண்ணாடி தூள். இன்னொன்றையும் உடைக்க ஓங்கினேன். அதற்குள் தலை துவட்டாமல் ஓடிவந்து உலக்கையைப் பிடுங்கினான்.

"ஏம்மா, கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஆமாலே. புடிச்சிருக்கு."

பக்கத்து வீட்டு சொர்ணம் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். "யக்கா, அதை வித்துத் தொலையுங்களேன். ஏன் இப்படிக் கெடந்து அடிச்சிக்கிடுதிய?"

"விக்கவா? இன்னொருத்தி தாலியறுக்கதுக்கா?"

தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இவன் வேறு வேலைக்கும் போக மாட்டான். அப்பா வண்டி, அப்பா வண்டி என்று அதையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதனால் முடிவு செய்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் அந்தக் கோளாறு என்னவென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வண்டியைக் கொளுத்திவிடுவேன். கேனில் டீசல் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாச்சு. தீப்பெட்டிக்குப் பஞ்சம் இல்லை.

ஆடி 3. சனி.

மாத்தினது எல்லாம்: பேட்டரி, புதுசு. செல்ஃப் மோட்டார், கழற்றிக் காயில் கட்டியாச்சு. சாவி சுவிட்ச், அதுவும் புதுசு. டீசல் ஃபில்டர், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம், இருந்தாலும் மாத்தியாச்சு. முன்னால் எலுமிச்சம்பழம், அதையும் மாத்தியாச்சு.

பஸ் ஏறித் தென்காசி போனேன். சுடலையின் ஒர்க்‌ஷாப். சுடலை அவருக்குக் கூட்டாளி. ஒரே இலையில் புரோட்டா பிய்த்துத் தின்றவர்கள். வண்டி வாங்கின நாளிலிருந்து அவன்தான் நமக்கு மெக்கானிக்.

"வாங்க மைனி. டீ சொல்லட்டுமா?"

"எம்புருசன் ரத்தம் குடிச்சது பத்தலியா? டீ வேறயா ஒனக்கு?"

"மைனி, ஆளுக நிக்காங்க..."

"நிக்கட்டும். கேக்கட்டும். பேட்டரிங்க. செல்ஃபுங்க. சுச்சுங்க. எது போச்சின்னே தெரியாம ஒவ்வொண்ணா மாத்துன. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த மனுசன் வண்டிய ஓரமா நிப்பாட்டிருப்பாருல்லா?"

"எங்கிட்ட வரும்போதெல்லாம் பட்டுன்னு எடுக்கு மைனி. ஒரு நாளாவது எடுக்காம நிக்கணும்லா? ஆஸ்பத்திரிக்கு வந்ததும் காச்ச விட்டுருதுன்னா டாக்டரு என்ன செய்வான்?"

பேச்சு நியாயமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் ஒன்று கொடுத்தேன். சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சுடலை கையைத் தடுக்கவில்லை. அங்கே நின்ற ஒரு லோடுமேன் சிரித்தான். சுடலை ஸ்பேனரை எடுத்து அவன்மேல் வீசினான். "என்னலே இளிப்பு? தள்ளிப் போலே அங்கன."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. செருப்பில் வார் பிய்ந்துவிட்டது.

ஆடி 5. திங்கள்.

வெயில். வண்டி பட்டென்று எடுத்தது. அப்படியானால் சாரல்தான் காரணமோ என்று நினைத்தேன். ஈரம் எங்கேயோ இறங்குகிறது போல. மனசில் ஒரு வெளிச்சம்.

மத்தியானம் மகேஷிடமிருந்து போன் வந்தது. குத்துக்கல்வலசையில் புது வீட்டுக்குச் செங்கல் இறக்கிவிட்டு எடுத்தால் எடுக்கவில்லையாம். அங்கேயும் சுள்ளென்ற வெயில். வெளிச்சம் போச்சு.

"எப்படிலே வந்த?"

"எப்படி வருவேன்? உருட்டித்தான்."

அந்தக் கல். கறுப்புக் கல், ஒரு பக்கம் சரிவாக, ஆப்பு மாதிரி இருக்கும். அவர் எடுத்து வைத்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடும்போது கல்லும் கூடவே வந்துவிட்டது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால். இவன் இன்னும் அதையேதான் வைக்கிறான். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டேன். வந்து பார்த்தால் மகேஷ் வேறு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" என்கிறான், சிரித்துக்கொண்டே.

விளக்குமாற்றால் அடித்தேன். முதுகில், தோளில், எங்கே பட்டாலும் சரி என்று. "சாவுலே. நீயும் போய்ச் சாவு. ரெண்டு பேரயும் சேத்து ஒரே நாள்ல அழுது தீத்துருதேன்."

என் கையைப் பிடித்து முறுக்கினான். வலித்தது. வளையல் இருந்திருந்தால் உடைந்திருக்கும். அதுதான் இல்லையே.

அப்புறம் அவனே கையை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். நான் போய்த் தேற்றவில்லை. இட்லி மீதம் இருந்தது. மாட்டுக்குப் போட்டேன்.

ஆடி 8. வியாழன்.

அமாவாசை. எங்கள் மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு வேன், கார், பஸ். ரோட்டைத் தாண்ட முடியவில்லை. எல்லாரும் செத்தவர்களுக்குத் தண்ணீர் விடப் போகிறார்கள். நமக்கு இல்லையாம். வருசம் திரும்பாமல் எள்ளும் தண்ணியும் கிடையாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். செத்தும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பொறுக்க முடியாமல் நானும் போனேன். பெரிய அருவி. பெண்கள் பக்கம். தண்ணீர் தலையில் அடித்தது. தோளில் அடித்தது. யாரோ உலக்கையால் போடுகிற மாதிரி. அடி, அடி என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

பக்கத்தில் ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, கம்பியப் புடி. தள்ளிட்டுப் போயிரும்."

பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை.

ஆடி 9. வெள்ளி.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வண்டி எடுக்கவில்லை. மகேஷ் சுடலைக்குப் போன் போட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது. சுடலை, "அப்படியே கெடக்கட்டும், உருட்டாத, சாவியக்கூடத் தொடாத" என்று சொல்லியிருக்கிறான். இவன் பைக்கை எடுத்துக்கொண்டு கடையத்துக்குப் போய்விட்டான், சூளைக்காரரிடம் இன்றைக்கு லோடு வேண்டாம் என்று சொல்ல.

சுடலை பையோடு வந்து நின்றான். கன்னத்தில் என் செருப்புத் தடம் இல்லை. ஆனால் நான் அங்கேதான் பார்த்தேன்.

"அடிக்கணும்னா மொதல்ல அடிச்சிருங்க மைனி. பொறவு வேலையப் பாப்போம்."

வண்டியைக் கையால் காட்டினேன்.

"நான் கீழ படுக்கேன். நீங்க மேல ஏறி, சொல்லும்போது சாவியத் திருப்புங்க."

அந்தப் படியில் கால் வைத்தேன். அதே படி. சீட்டில் அவர் துண்டு இன்னும் கிடக்கிறது. பீடியும் வியர்வையுமாக வாசம். அதை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு கத்தலாம் போல் இருந்தது. கத்தவில்லை.

"திருப்புங்க." டக்.

"மறுபடி." டக்.

"விடாம புடிச்சிக்கிடுங்க." ஒன்றும் இல்லை. லைட்டு மட்டும் மங்கியது.

விழாமல் இருக்க இடது கையால் எதையோ பிடித்திருந்தேன். வண்டியை அணைப்பதற்கு இழுப்பார்களே, கம்பி, அதன் குமிழ். திடீரென்று சுட்டது. தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி. கையை உதறினேன்.

"தம்பி, இங்கன ஒரு கொமிழு சுடுதே."

கீழே சத்தம் நின்றது.

"எந்தக் கொமிழு?"

"அணைக்கதுக்கு இழுக்கது."

ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் சேறு. மேலே ஏறி அந்தக் குமிழைத் தொட்டான். எடுத்தான். மறுபடி தொட்டான். என்னைப் பார்த்தான். "வண்டியே ஓடல. இதுக்கு ஏது சூடு?" அவனையே அவன் கேட்டுக்கொண்டான். பிறகு ஸ்டியரிங்கில் தலையை முட்டினான். ஒரு தரம் இல்லை, மடேர் மடேர் என்று.

"என்ன தம்பி?"

"பேட்டரிலருந்து கரண்டு போனா மட்டும் பத்தாது மைனி. திரும்பி வரணும். எஞ்சின்லருந்து வண்டிச் சட்டத்துக்கு, சேசுக்கு, ஒரு தடி ஒயரு உண்டு, அது வழியாத்தான் வரணும். அந்த வாசல் அடைச்சிக் கெடக்கு. அதான் இந்தச் சின்னக் கம்பி வழியா, சன்னல்ல எகிறிக் குதிக்க மாதிரி குதிச்சி வருது. இத்தன நாளும் போற பாதையத்தான் பாத்தேன். வார பாதையப் பாக்கல. மேலாப்புல பாத்தேன், ஒயரு நல்லாருந்துச்சி, போல்ட்டு டைட்டாருந்துச்சி. கழட்டிப் பாக்கல."

நானும் கீழே போனேன். டார்ச் நான் பிடித்தேன். வண்டிக்கு அடியில் எல்லாம் கறுப்பு. கிரீஸ், மண், காய்ந்த சாணி. அவர் கிடந்ததும் இதற்குக் கீழேதான். அதை நினைக்காமல் டார்ச்சை ஆடாமல் பிடித்தேன்.

சுடலை போல்ட்டைக் கழற்றினான். ஒயரின் முனையை விலக்கினான்.

நீலம்.

சுற்றிலும் அவ்வளவு அழுக்கு. அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் நேற்று அடித்த மாதிரி பளபள என்று நீலம்.

"பெயிண்டு மேல வச்சி முறுக்கிருக்கு" என்றான் சுடலை. "பெயிண்டு கரண்ட விடாது. போல்ட்டு மரைல ஏதோ ஒட்டிக்கிட்டு ஓடிருக்கு. ஒட்டுனா எடுக்கும். வெலகுனா எடுக்காது. யாரு இதக் கழட்டுனா? அண்ணாச்சி கழட்ட மாட்டாரே. வருசா வருசம் இந்த எடத்த விட்டுட்டுச் சுத்தித்தான அடிப்பாரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது.

போன ஆயுத பூசை. நீலம்தான் வேண்டும் என்று மகேஷ் பிடிவாதம். அவர் கேபினுக்கு அடித்தார். இவன் சாக்கை விரித்துக் கீழே படுத்து அடித்தான். மூக்கிலெல்லாம் நீலச் சொட்டு. "அம்மா, போல்ட்டக்கூடக் கழட்டி அடிச்சிருக்கேன் பாரு, ஒரு எடம் விடல." அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எம்புள்ள மாதிரி எவனாலயும் முடியாதுடே" என்றார். அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. நான் இரண்டு பேருக்கும் சுண்டல் கொடுத்தேன்.

அதற்கப்புறம் மார்கழியில்தான் முதல் தடவை டக்.

வீட்டுக்குள் போய் வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்தேன். "நான் தேய்க்கேன் மைனி, குடுங்க" என்றான். கொடுக்கவில்லை. நானே சுரண்டினேன். குத்திக் குத்திச் சுரண்டினேன். நீலம் பொறுக்குப் பொறுக்காக என் கண்ணில் விழுந்தது. உள்ளங்கை கிழிந்தது. வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் விடவில்லை.

சுடலை ஒயரை வைத்து முறுக்கினான். சாவியைத் திருப்பினேன். எடுத்தது. அணைத்தேன். திருப்பினேன். எடுத்தது. மறுபடி. மறுபடி. ஒரு தடவைகூடத் தவறவில்லை. இவ்வளவுதான். இந்த ஒரு ரூபாய்க்குத்தான்.

இறங்கி வந்து சொன்னேன். "தம்பி. மகேசுகிட்ட ஒயரு அத்துப்போச்சின்னு சொல்லுங்க."

"ஏன் மைனி?"

என் கையைப் பார்த்தான். நீலமும் ரத்தமும். அவனுக்கும் அந்த ஆயுத பூசை ஞாபகம் வந்திருக்கும், அவனும் வந்து சுண்டல் தின்றவன்தான்.

மறுபடி கீழே போனான். அந்த நல்ல ஒயரைக் கழற்றினான். குறட்டால் நசுக்கி, பிய்த்து, உள்ளே அறுந்த மாதிரி ஆக்கினான். பையிலிருந்து வேறு ஒயரை எடுத்து மாட்டினான்.

நீலப் பொறுக்கையெல்லாம் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன். நாறியது.

ஆடி 10. சனி.

நேற்று சாயங்காலம் நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

மகேஷ் கடையத்திலிருந்து வந்தான். சுடலை ஸ்டார்ட் செய்து காட்டினான். மகேஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என்ன சித்தப்பா, எங்க இருந்துச்சி கோளாறு?"

"கீழ ஒரு ஒயரு. உள்ளுக்குள்ள அத்துருந்துச்சிடே."

அந்தப் பழைய ஒயரை வாங்கிப் பார்த்தான். விரல் தடிமன் இருக்கும். பிய்ந்த இடத்தைத் தடவினான். தடவிக்கொண்டே கேட்டான்.

"மாசில நீங்க கீழ படுத்து அத்தன ஒயரயும் பாத்துட்டேன்னு சொன்னியளே. எங்கப்பா முன்னாலதான சொன்னிய?"

நான் இதை யோசிக்கவே இல்லை.

"சொன்னேன்" என்றான் சுடலை.

"பாத்தியளா?"

சுடலை என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இதப் பாக்கலடே."

மகேஷ் அந்த ஒயரை இரண்டாக மடக்கினான். முதல் அடி வாயில். சுடலை பம்பரில் போய் விழுந்தான். பல் தெறித்தது. "எங்கப்பா ஒன்ன நம்புனாரேலே" என்று கத்திக்கொண்டு அடித்தான். சித்தப்பா போய் லே வந்துவிட்டது. காதில், கழுத்தில், கையில். காலால் உதைத்தான். சுடலை ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. சொர்ணம் அலறுகிறாள். தெருவே கூடிவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. மூணு நாலு பேர், "அடிக்கட்டும், அப்பன எழந்த பய" என்று நியாயம் பேசினார்கள்.

என் வாயில் அந்த வார்த்தை நின்றது. நீதான்லே. நீ அடிச்ச பெயிண்ட்தான்லே. நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் சுடலை பிழைப்பான். சொன்னால் மகேஷ் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் மேட்டில் புளியமரம் இருக்கிறது. வீட்டில் கயிறு இருக்கிறது.

சொல்லவில்லை. சுடலைமேல் போய் விழுந்தேன். அடுத்த அடி என் முதுகில். அப்போதுதான் நிறுத்தினான். முதுகில் ஒரு வரி தடித்துக் கிடக்கிறது. மருந்து போடவில்லை. அது இருக்கட்டும்.

சுடலை எழுந்து, பையைத் தேடி எடுத்துக்கொண்டான். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். வாய் கோணிப் பேச்சு வரவில்லை, இருந்தாலும் சொன்னான். "வண்டி எடுக்கும் மைனி. இனி கல்லு வேண்டாம்."

ஆடி 12. திங்கள்.

சாரல் இல்லை. காற்று மட்டும்.

கறிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிச் சுடலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உதட்டில் தையல். ஒரு கண் மூடிக் கிடக்கிறது. அவன் பெண்டாட்டி வாசலிலேயே மறித்தாள்.

"செருப்படி நீங்க. ஒயரடி ஒங்க மவன். அடுத்து ஒங்க வீட்டுல யாரு வருவா? நாயிருந்தா கூட்டிட்டு வாங்க, அதுவுங் கடிக்கட்டும்."

தூக்குவாளியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். குழம்பு சாக்கடையில் ஓடியது. கேசு கொடுக்கப் போகிறேன் என்கிறாள். கொடு என்றேன்.

உள்ளே கட்டிலிலிருந்து சுடலை பார்த்தான். வீங்கின வாயில் விரலை வைத்து, உஸ், என்று காட்டினான். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை.

நடந்தே தென்காசி பஸ் ஸ்டாண்டு வந்தேன். தூக்குவாளி நசுங்கிவிட்டது. மூடி கிடைக்கவில்லை.

ஆடி 15. வியாழன்.

நல்ல சாரல். விடியும்போதே இருட்டு. வண்டி ஒரே திருப்பில் எடுத்தது.

கேனிலிருந்த டீசலை வண்டியிலேயே ஊற்றியாச்சு. உடைந்த ஹெட்லைட் மாத்தியாச்சு. மகேஷ் இப்போதெல்லாம் சமதளத்தில் நிறுத்துகிறான். இரண்டு ராத்திரியாக நன்றாகத் தூங்குகிறான். குறட்டை, அவர் மாதிரியே. இன்றைக்குச் சோறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றான். சுடலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னான். "அம்மா, எஃப்.சி. வருது, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியக் காட்டணும். அதுக்குள்ள பெயிண்ட் அடிக்கணும். அதே நீலந்தான்."

"கீழ நான் அடிக்கேன்."

"நீயா? வண்டிக்கடியில படுத்தா?" சிரித்தான். அவர் போன பிறகு இவன் பல் தெரியச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "சரி, அடி. ஆனா போல்ட்டெல்லாம் கழட்டி, ஒரு எடம் விடாம அடிக்கணும். அப்பாவுக்கு அதான் புடிக்கும்."

சரிலே என்றேன்.